டயருக்கும் வயது உண்டு

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஊருக்கு மூட்டை கட்டுவது நம்மில் பலருக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். தாராவியில் நான் வளர்ந்த நாட்களில் அதற்கு ரயிலை விட்டால் வேறு கதி கிடையாது. டிரங்குப் பெட்டி, தண்ணீர்க் கூஜா, கட்டுச்சோறு சகிதம் வி.டி. ஸ்டேஷனில் ஏறினால், இரண்டு இரவு கழித்து உடம்பெல்லாம் கரியும் தூசியுமாகத் திருநெல்வேலிப் பக்கம் போய் இறங்குவோம். இப்போது செம்பூரில் குடியிருக்கிறோம். மகன் தலையெடுத்துக் கார் வாங்கிவிட்டான். "அப்பா, இந்தத் தடவை காரிலேயே போயிடலாம்" என்றான். பேரனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் உள்ளூர ஆசைதான்.

கார் 2017ஆம் வருடத்து வென்டோ டி.எஸ்.ஐ. பழைய வண்டியாக வாங்கியது. புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் செய்த வண்டி. 2022ல் இந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார் மாதிரி இருக்கும், மிதித்தால் பாயும். 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 குதிரை சக்தி. வாரம் முழுவதும் கட்டிடத்தின் கீழே தூங்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ மாட்டுங்காவுக்கோ போய்வரும். அதனால் இத்தனை வருடத்தில் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால், காற்று அடிக்கலாம் என்று தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எனக்கு வெகுகாலமாகப் பழக்கமான பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரரும் நம் பக்கத்து மனிதர்தான். குனிந்து டயரைப் பார்த்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த டயரோடயா ஊருக்குப் போறீங்க?"

"ஏன், பட்டன் நல்லாத்தானே இருக்கு?"

"பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப்போச்சு."

டார்ச் அடித்துக் காட்டினார். டயரின் பக்கவாட்டில், கோடையில் வற்றிய குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள். பிறகு ஓர் இடத்தில் துணியால் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார்: 3517. அதாவது 2017ஆம் வருடம் 35வது வாரத்தில் பிறந்த டயர். வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! இந்த எண்களை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை.

அன்று மாலை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கும்போது, மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னது நம் மும்பைக்காரர்கள் அனைவருக்கும் பொருந்தும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓடி ஓடித் தேய்ந்த டயர் தன் நிலைமையைத் தானே காட்டிவிடும். நின்று கொண்டே கிழமாகும் டயர் காட்டாது. வெயிலும், காற்றில் உள்ள ஓசோனும், நாளாவட்டத்தில் ரப்பரின் இழுபடும் தன்மையைக் கொன்றுவிடுகின்றன. நின்ற வண்டியில் காற்றும் மெல்ல இறங்கும். ஊருக்குள் முப்பது, நாற்பது வேகத்தில் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நாம் என்ன செய்கிறோம்? மே மாதத்து வெயிலில், ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக, நூறு கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு ஏறுகிறது. ஏற்கெனவே செத்துப்போன ரப்பர் அந்தச் சூட்டில் பிரிந்து வெடிக்கிறது. வருடம் முழுவதும் ஓய்வெடுத்த டயருக்கு, வருடத்திலேயே கடுமையான பரீட்சை நம் ஊர்ப் பயணம்தான்!

ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயரில் ஓட்டாதீர்கள் என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன. டயர் கம்பெனிகளில் சில, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்கின்றன. எங்களுடையது எட்டைத் தாண்டியது. மும்பை வெயிலிலும் உப்புக் காற்றிலும் எட்டு.

நிற்க. டயர் மாற்றுவது என்று முடிவானதும் மகனுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. "வேகமான வண்டிப்பா, 16 அங்குல அலாய் போட்டு அகலமான டயர் மாட்டலாம்" என்றான். நண்பர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

கம்பெனி கொடுத்த அளவு 185/60 R15. இதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கவாட்டு உயரம், அதாவது 111 மி.மீ. 15 அங்குலம் ரிம். மகன் கேட்டது 195/50 R16. இரண்டிலும் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பக்கவாட்டு ரப்பர் 111 மி.மீட்டரிலிருந்து 97.5 ஆகக் குறைந்துவிடும். வளைவில் வண்டி இறுக்கமாகத் திரும்பும், வாஸ்தவம்தான். ஆனால் நம் ஊர்க் குழியில் விழுந்தால் அடியைத் தாங்கும் மெத்தை அவ்வளவு குறைவு. டயரில் கொப்புளம் வரும், ரிம்மும் நெளியும். தவிர, அதே எடையுள்ள வண்டிக்கு டயரை அகலமாக்கினால், தேங்கிய மழைநீரில் அது சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும்.

"195/60 R15 போட்டால்?" என்றான். சக்கரம் இரண்டு சதவீதம் பெரிதாகும்; மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102ல் போகும். பெரிய தோஷமில்லை, ஆனால் என்ன லாபம்? கடைசியில் கம்பெனி அளவே போதும் என்று மகனே ஒப்புக்கொண்டான்.

அளவுக்குப் பின்னால் 84H, 88H என்று இன்னும் ஒன்று எழுதியிருக்கும். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது: T 190 கி.மீ., H 210, V 240. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ, விலை மலிவு என்று வாங்கக் கூடாது.

மறுநாள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் பளபளவென்று ஒரு டயரை உருட்டி வந்து, "புத்தம் புதுசு, ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்" என்றார்கள். நான் குனிந்து எண்ணைத் தேடினேன். 0921! நாலு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த சரக்கு. பஞ்சர் கடைக்காரரை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு வெளியே வந்தோம்.

சாலையோரம் கறுப்புச் சாயம் பூசி விற்கும் பழைய டயர்களின் பக்கமே போகவில்லை. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் டயர்கள் முன்போலத் தாராளமாகக் கிடைப்பதில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1946ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் எம்.ஆர்.எப். நம் மும்பையிலேயே பாண்டுப்பில் சியட் தொழிற்சாலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோ இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி நீங்கலாக 5,000 ரூபாய் டயர் என்றால் 6,400க்குப் பதில் 5,900. பில் கேட்டு வாங்கினால் இந்த லாபம் நமக்கு.

நாங்கள் வாங்கியது, ஈரத்தில் பிடிப்பும் நெடுவழியில் உழைப்பும் உள்ள சாதாரண டூரிங் வகை. பிறந்து நாலே மாதம். ஸ்டெப்னியையும் பார்த்தோம், அதுவும் 2017தான். ஆகவே ஐந்தாக வாங்கினோம். கையைக் கடித்தது, உண்மைதான். முடியாதவர்கள் இரண்டு மட்டும் மாற்றினால், புதியதைப் பின்னால் போட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் அப்படித்தான். மழையில் முன்டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

டயரோடு வால்வையும் மாற்றி, அலைன்மெண்ட், பாலன்சிங் செய்துகொண்டோம். "நைட்ரஜன் அடிக்கவா?" என்றார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று நண்பர் சொல்லியிருந்ததால், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு உண்டு. அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து அடிக்க வேண்டும். வழியில் சூடாகி அளவு ஏறியிருந்தால், பயந்து காற்றை இறக்கக் கூடாது.

சம்ருத்தி நெடுஞ்சாலையில் விபத்துகள் நேர்ந்த பிறகு, 2023ல் ஆர்.டி.ஓ. அதிகாரிகள் டயரைச் சோதித்துத் தேய்ந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் போன புனே, பெங்களூர், சேலம் வழியில் யாரும் எங்களை நிறுத்திக் கேட்கவில்லை. நம் வண்டிக்கு நாமேதான் இன்ஸ்பெக்டர்.

தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் திடீர் மழை. வளைவில் முன்னே போன லாரி சட்டென்று நிற்க, மகன் பிரேக்கை அழுத்தினான். வண்டி வழுக்காமல், கோடு பிடித்தாற்போல் நின்றது. யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு மருமகள், மடியில் தூங்கிய பேரனைச் சரியாகப் படுக்க வைத்தாள். மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "பழைய டயராயிருந்தா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். அப்படி நாலு உள்ளங்கையின் மேல்தான் நம் குடும்பம் ஊர் போய்ச் சேருகிறது. அடுத்த விடுமுறைக்கு மூட்டை கட்டும் முன், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அந்த நான்கு எண்களைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.