உஷார்! வலி மறந்துபோகும்... நோய் போகாது!

மூன்று மாதத்தைத் தாண்டிய முதுகுவலி. மாத்திரை அலுத்துவிட்டது. ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹிப்னாஸிஸ் ஆப்பைத் திறக்கிறீர்கள். ‘உங்கள் வலி கரைகிறது’ என்கிறது ஒரு குரல். பத்து நிமிடத்தில் இதமாக இருக்கிறது. அந்த இதத்தை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்!

ஹிப்னாஸிஸ் ஏமாற்று வேலை அல்ல. எரிச்சல் குடல் நோயின் வயிற்றுவலிக்கு ‘ரெகுலோரா’ என்ற ஹிப்னாஸிஸ் ஆப்பை 2021-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆனால், டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு. டாக்டர் ஏன் முக்கியம்?

1997-ல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள், ஹிப்னாஸிஸில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். குரல் சொன்னபடி, வேதனையோடு தொடர்புள்ள பகுதியின் வேலை கூடவும் குறையவும் செய்தது. தொடு உணர்வைப் பதியும் பகுதியில் அப்படி மாற்றமில்லை. தண்ணீர் சுட்டுக்கொண்டேதான் இருந்தது! வேதனை குறைந்தாலும், அதன் காரணம் அப்படியே இருந்தது.

ஆகவே, கவனம்:

● முதுகுவலியோடு சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியவில்லையா? தொடையிடுக்கு மரத்துப்போகிறதா? கால் துவள்கிறதா? தண்டுவட அடியில் நரம்புக்கொத்து நசுங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

● வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் ராத்திரி வலி இருந்தால் முதலில் பரிசோதனை.

● நெஞ்சுவலி, திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி என்றால் ஆப்பைத் தொடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

● மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ப்ரீகாபலின், கேபபென்டின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

● மனச்சிதைவு நோய், வலிப்பு நோய், மனதை உலுக்கிய பழைய அதிர்ச்சி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆப்பைத் தொடங்கவே கூடாது.

● வண்டி ஓட்டும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் அந்தக் குரலைக் கேட்கவே கேட்காதீர்கள்.

● ‘மருந்தே வேண்டாம், நிரந்தரக் குணம்’ என்று சொல்லும் ஆப்பை உடனே அழித்துவிடுங்கள். இலவசம் என்று தொடங்கி மாதாமாதம் பணம் எடுக்கும் ஆட்டோபேயையும் கவனியுங்கள்.

டாக்டர் பார்த்து, காரணம் தெரிந்து, சிகிச்சையும் நடக்கும்போது அந்தக் குரல் நல்ல துணை. தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று: உங்கள் கை இன்னும் சுடுநீரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் கையை வெளியே எடுங்கள்!