வீசிங் சத்தம் திடீர்னு நின்னுடுச்சா? உடனே நிம்மதி ஆகிடாதீங்க!

ஆஸ்துமா உள்ளவருக்கு நடுராத்திரியில் இளைப்பு. 'உய்... உய்...' என்ற சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்குகிறது. 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று வீட்டில் இருப்பவர்கள் படுக்கப் போய்விடுவார்கள். சிக்கலே இங்கேதான்.

சுருங்கிப்போன மூச்சுக்குழாய்க்குள் காற்று நெருக்கியடித்துப் போகும்போது எழுவதுதான் வீசிங். அடைப்பு ரொம்ப முற்றினால், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட காற்று போகாது. ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. டாக்டர்கள் இதை 'சைலண்ட் செஸ்ட்' என்பார்கள். உயிருக்கே ஆபத்தான அறிகுறி இது.

அப்போ நிஜமாகவே குறைஞ்சிருக்கா என்று எப்படித் தெரியும்? பேச்சுக் கொடுத்துப் பாருங்க. முழு வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தால் காற்று போய் வருகிறது என்று அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை நின்றாலோ, மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்ளே போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் சொக்கிச் சொக்கி விழுந்தாலோ உடனே 108-க்கு போன் போடுங்க. வேகமாக வாங்கிய மூச்சு மெதுவானால்கூட, அது களைப்பாக இருக்கலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைக்காதீங்க. நிமிர்ந்து உட்கார வைத்து, டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த ரிலீவர் இன்ஹேலரைக் கொடுங்க.