ஆணைக்குப் பணிந்த வீரம்

கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நெய்தலும் மருதமும் கைகோத்து நிற்கும் வழியாகும். இடப்புறம் கடலின் இரைச்சல்; வலப்புறம் வயற்பரப்பு. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடர, பள்ளிவாசல் மினாராக்களும் கோயிற் கோபுரங்களும் மாறி மாறிக் கண்ணிற் படும். தம்பிலுவிலைக் கடந்தால் திருக்கோவில். சித்திர வேலாயுதர் வீற்றிருக்கும் பழம்பதி. அப்பகுதியிலேதான் றூபஸ் குளமும் இருக்கிறது. குளம் என்றதும் நெல்லும் நீரும் நம் நினைவுக்கு வரவேண்டும். இக்குளத்தின் பெயரைக் கேட்டால் இப்பகுதி மக்களின் நினைவுக்கு வருவது வேறொன்று.

வீரம் என்று பேசப் புகுந்தால் நாம் போர்க்களத்தையே தேடுகின்றோம். மார்பிலே புண் சுமந்து வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபல்லவா நம்முடையது! கையிலிருந்த துவக்கை மேலிடத்து ஆணைப்படி கீழே வைத்துவிட்டு, அதன் காரணமாகவே மடிந்த இளைஞர்களை அம்மரபில் எங்கே நிறுத்துவது? இவ்வினா பல்லாண்டுகளாக என்னை விட்டு நீங்கவில்லை.

இந்திய அமைதிப் படை 1990 மார்ச்சில் இத்தீவை விட்டு வெளியேறியது. அப்போது கொழும்பு அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கிழக்கிலங்கையின் பொலிஸ் நிலையங்களிலே கடமையாற்றியோர் ஒருவகைச் சமாதான காலத்திலேயே தாம் இருப்பதாக எண்ணியிருந்தனர். ஜூன் 11ஆம் நாள் அந்நிலை குலைந்தது. நிலையங்கள் சூழப்பட்டன, சரணடையுமாறு கோரப்பட்டது. கல்முனையில் இருந்தோர் எதிர்த்து நின்று போரிட்டனர். ஆயினும், போரை மூளவிடாது பேச்சைக் காக்க வேண்டும் என்ற நோக்கோடு, ஆயுதங்களைக் கையளிக்குமாறு மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது. அவர்கள் பணிந்தனர்.

பணிந்தவர்கள் பஸ்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் வேறாகப் பிரிக்கப்பட்டனர்; தமிழ்ப் பொலிஸார் பலர் விடப்பட்டனர். ஏனையோர் கைகள் கட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகையை 600 என்போரும் உளர். அதனினும் மிகுதி என்போரும் உளர். நூற்றுக்கணக்கான மனிதரைக் கணக்கிலே கூட்டவும் குறைக்கவும் முடிகிறதென்றால், அதைவிட அவர்களுக்கு நேர்ந்த வேறு அவமதிப்பு என்ன வேண்டும்? இக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை.

கட்டளையிட்டோரைக் குறை கூறுவது இன்று எளிது. போரைத் தவிர்க்க நினைத்தது குற்றமாகாது என்பதே என் கருத்து. ஆனால் அந்த நினைப்பின் விலையைச் செலுத்தியவர்கள் அதை நினைத்தவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தை எண்ணிச் சீருடை அணிந்த இளைஞரே செலுத்தினர். தோட்டா தீரும்வரை நின்று மடிவதற்கு நெஞ்சுரம் வேண்டும், ஐயமில்லை. தன் உள்ளம் வேண்டாம் என்று தடுக்கையில் பிறர் சொல்லை நம்பி வெறுங்கையோடு வெளியே நடப்பதற்கு வேண்டிய உரம் அதனிற் குறைந்ததா?

இலங்கைப் பொலிஸ் ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாளைத் தன் வீரர் நினைவு நாளாகக் கொண்டாடுகிறது. 1864ஆம் ஆண்டு அந்நாளில், உத்துவன்கந்தைச் சரதியேலைப் பிடிக்க மாவனல்லைக்குச் சென்ற கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு உயிர்நீத்தார். கடமையின்போது மாண்ட முதற் பொலிஸ்காரர் என்ற பெயர் மலாய் முஸ்லிமாகிய அவருக்கு உரியது. சுட்டவனும் சரதியேலின் தோழனான மம்மலே மரைக்கார் என்னும் முஸ்லிமே. சீருடையையும் மதத்தையும் வைத்து மனிதரை இருபுறமும் அடுக்க முயல்வோருக்கு இக்கதை வசதியாக இராது. சபானின் பெயரைப் பாடப் புத்தகம் அறியும். கல்முனையிலிருந்து சென்றோரின் பெயர்களை அவரவர் வீடுகளே அறியும்.

இன்னொன்றையும் சொல்லாது விடுதல் நீதியாகாது. அம்மாதப் பிற்பகுதியில் இராணுவம் கல்முனைக்குத் திரும்பியபோது தமிழ்ப் பொதுமக்கள் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர், காணாமற் போயினர். யாழ்ப்பாணத்து மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. பொலிஸாரைக் கொன்றவர்கள் வேறு. இப்பழியைச் சுமந்து மாண்டவர்கள் வேறு. ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஒரே கோடையில் ஒரே கரையோரத்தில் மூன்று சமூகத்தாரும் மையித்து வீடுகளாயினர்.

மாண்ட பொலிஸார் பெரும்பாலோரின் உடல்கள் வீடு திரும்பவில்லை. உடல் இல்லாத இறப்பு என்பது எத்தகைய இடர் என்பதை முஸ்லிம் வீடுகள் நன்கறியும். ஜனாஸாத் தொழுகைக்கேனும் வழியுண்டு. நம் ஷாபிஈ மத்ஹபில் தொலைவில் மாண்டவருக்காகக் காயிப் ஜனாஸா தொழலாம். மனைவியின் நிலையோ கடினம். மரணம் உறுதியானால்தான் நான்கு மாதம் பத்து நாள் இத்தா தொடங்கும். காணாமற் போனவனின் மனைவி நான்காண்டு காத்திருந்து பின் இத்தா இருக்கலாம் என்பது இமாம் ஷாபிஈயின் முந்திய கருத்து; இறந்தான் என்று உறுதியாகும்வரை அவள் மனைவியே என்பது பிந்திய கருத்து. கிதாபிலே இரண்டு வரிகள். கணவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் உண்டு, இறங்கியதைக் கண்டவர் இல்லை என்ற நிலையிலுள்ள ஒருத்தி, வெள்ளையுடுத்து அமர்வதா, கடப்படியில் விளக்கேற்றிக் காத்திருப்பதா என்று அவ்விரு வரிகளுக்கும் நடுவே நிற்கவேண்டும்.