தீயணைப்போரின் தோல் தொப்பி

சோளகக் காற்று வீசும் மாதங்களில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றில் ஓலை வேய்ந்த அடுக்களை தீப்பற்றினால், முதலில் ஓடி வருவோர் அயலவரே. யாழ்ப்பாண மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு உண்டு. ஆயினும் தொலைவிலுள்ள ஊர்களுக்கு வண்டி வந்து சேருமுன் தீ கிடுகு வேலி வழியே அடுத்த வளவுக்குத் தாவிவிடும். வற்றாத ஆறில்லாத நிலம், கிணறே துணை. வாளியோடு ஓடுவோரின் தலையில் நனைத்த துவாய் ஒன்றே காணப்படும். அது போதுமா? தீயணைப்பைத் தொழிலாகக் கொண்டோர் தலைக்கு எதை அணிந்தனர் என்பதை நோக்கினால் விடை புலனாகும்.

நியூயோர்க் நகரில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹென்றி கிராட்டகாப் என்பவர் வாழ்ந்தார். பயணப் பெட்டிகள் செய்வது அவர் தொழில், தீயணைப்பிலும் ஈடுபட்டவர். நீரிலும் வெயிலிலும் கெடாத பெட்டித் தோலின் இயல்பை அறிந்த அவர், தடித்த தோல் துண்டுகளை இணைத்துத் தலைக்கவசம் அமைத்தார். இணைப்புகளின் மேல் எழுந்த வரம்புகள் கவசத்திற்கு உறுதி தந்தன. மேலிருந்து வீழும் மரத்துண்டு, வட்டமான முடியிற் பட்டுச் சறுக்கிப் போகும். பின்விளிம்போ வால்போல நீண்டிருக்கும். கூரையிலிருந்து வடியும் கொதிநீரும் தணலும் பிடரிக்குள் இறங்காமல் முதுகுச் சட்டையின்மேல் வழிந்தோடவே அந்நீட்சி. நம் வீடுகளின் தாழ்வாரம் செய்யும் வேலையும் இதுவேயன்றோ!

தொப்பியின் நெற்றியில் ஒரு தோற்பட்டை பொருத்தப்பட்டது. அணிவோர் எக்குழுவினர், எப்பதவியினர் என்பதை அது காட்டும். இதனை வெறும் அலங்காரமென்று கருதுதல் தவறு. புகையினுள் முகம் தெரியாது. யார் உள்ளே சென்றார், யார் திரும்பவில்லை, யாருடைய கட்டளைக்குப் பணிவது என்பவற்றை அறிய அப்பட்டையே உதவும். ஊர்த் தீயில் எல்லோரும் கட்டளையிடுவதையும், உள்ளே சென்றவரை எவரும் எண்ணாதிருப்பதையும் கண்டோர் இதன் அருமையை உணர்வர்.

இலண்டனில் 1866ஆம் ஆண்டளவில், படைத்தலைவர் மாசி ஷா, பாரிஸ் படையினரைப் பின்பற்றிப் பித்தளைக் கவசத்தைப் புகுத்தினார். கண்ணுக்கு அது கம்பீரமே. ஆனால் வீடுகளில் மின்சாரம் பரவியபின், அறுந்து தொங்கும் கம்பியில் முட்டினால் உயிருக்கே ஆபத்தாயிற்று. ஆதலின் 1930களில் பித்தளை கைவிடப்பட்டது. உலர்ந்த தோல் பித்தளையைப்போல மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆயினும் நனைந்த தோலை நம்பிக் கம்பியருகே செல்லலாகாது. இன்று வார்ப்புப் பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் பெருவழக்காயின. பாரமும் விலையும் மிகுந்ததெனினும், அமெரிக்காவில் தோற்கவசத்தையே விரும்பி அணிவோர் இன்றும் உளர்.

இனி நம் துவாய். நனைந்த துணி, முடியிற் பொறி பற்றாமல் சிறிது நேரம் காக்கும். கடும் வெப்பத்தில் அதிலுள்ள நீரே ஆவியாகித் தோலை அவித்துவிடும். எரிந்து விழும் பனஞ் சிலாகையின் அடியை அது தாங்காது. எனவே துவாயணிந்தவர் கூரையின் கீழ்ப் புகாது, வெளியே நின்று வேலியை வெட்டித் தீயின் வழியைத் துண்டிப்பதே தக்கது. மின்னிணைப்புள்ள வீடாயின், முதல் வாளி நீரை வீசுமுன் பிரதான ஆளியை நிறுத்துதல் வேண்டும். ஆளி தீயினுள் அகப்பட்டிருப்பின் மின்சார சபைக்கு உடனே அறிவித்து, இணைப்புத் துண்டிக்கப்படும் வரை நீரூற்றாது விலகி நிற்றல் வேண்டும்.