"ஹலோ... போலீஸ் பேசுறேன்!" மிரட்டிப் பணம் பறிக்கும் டெலிபோன் ஆசாமிகள்: சோழவரம், கும்மிடிப்பூண்டி வாசிகளே உஷார்!

சோழவரம்:

கத்தி இல்லை. துப்பாக்கி இல்லை. பூட்டை உடைக்கவும் இல்லை. ஒரே ஒரு போன்! வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அபேஸ்!

போன், கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் மோசடிகளில் 2024-ம் ஆண்டில் மட்டும் நாட்டு மக்கள் பறிகொடுத்த தொகை எவ்வளவு தெரியுமா? ரூ.22 ஆயிரத்து 845 கோடி! பாராளுமன்றத்தில் மத்திய அரசே சொன்ன கணக்கு இது. அதற்கு முந்தைய 2023-ம் ஆண்டில் இது ரூ.7 ஆயிரத்து 465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு!

செங்குன்றம் அரிசி மண்டி முதலாளி, காரனோடை மளிகைக் கடைக்காரர், சிப்காட் ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் தூங்கி விழும் தொழிலாளி, பொன்னேரி ஆபீஸ் கிளார்க்... எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. மோசடிக்காரனுக்கு அந்த நம்பர் ஒன்று போதும்.

"நான் ஏமாற மாட்டேன் சார், உஷாரான ஆளு" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்களை விட உஷாரானவர்கள் ஏமாந்த கதை இருக்கிறது.

ரூ.60 லட்சத்தை விழுங்கிய ஒரு போன்

1971-ம் ஆண்டு மே 24-ந் தேதி. டெல்லி பாராளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் பாங்கி. தலைமை கேஷியர் மல்கோத்ராவின் மேஜையில் டெலிபோன் மணி அடித்தது.

பேசியவர், பிரதமரின் செயலாளர் ஹக்சர் என்று சொன்னார். பிறகு போனில் வந்தது ஒரு பெண் குரல். பிரதமர் இந்திரா காந்தியின் குரல்!

"வங்காளதேசம் சம்பந்தமான ரகசிய வேலை. உடனே ரூ.60 லட்சம் வேண்டும். ஒருவர் வருவார். ரகசியச் சொல் சொல்வார். பணத்தைக் கொடுங்கள்" என்பதுதான் உத்தரவின் சாரம்.

கேஷியர் மறு பேச்சு பேசவில்லை. பெட்டியில் பணத்தைப் போட்டு பாங்கி காரிலேயே கொண்டு போனார். ஆள் வந்தான். "வங்காளதேச பாபு" என்று ரகசியச் சொல்லைச் சொன்னான். பெட்டியை வாங்கினான். டாக்சியில் ஏறிப் பறந்தான்!

அதற்குப் பிறகுதான் கேஷியர் ரசீது கேட்டுப் பிரதமர் வீட்டுக்குப் போனார். "அப்படி யாரும் போன் பண்ணவே இல்லையே!" என்றார் நிஜ ஹக்சர். குட்டு உடைந்தது.

அன்றைக்கே ஆள் பிடிபட்டான். பெயர் நகர்வாலா. முன்னாள் ராணுவ கேப்டன். குரலை மாற்றிப் பேசி ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டான். பணத்தில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. 4 வருஷம் ஜெயில் தண்டனை கிடைத்தது. 1972 மார்ச்சில் காவலில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். வழக்கின் மர்மத்தைத் துலக்க 1977-ல் ஜனதா ஆட்சி விசாரணைக் கமிஷனே போட்டது.

நாலு அடையாளம்

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. கறுப்பு டெலிபோன் போய் செல்போன் வந்துவிட்டது. ஆனால் வித்தை அதே வித்தைதான். நகர்வாலா போனில் இருந்த நாலு விஷயம், இன்று உங்களுக்கு வரும் மோசடிப் போனிலும் அப்படியே இருக்கும்.

ஒன்று, பெரிய பதவி. அன்றைக்குப் பிரதமர். இன்றைக்கு சி.பி.ஐ., சுங்க இலாகா, பாங்கி மானேஜர்.

இரண்டு, அவசரம். "இப்பவே! அரை மணி நேரத்துக்குள்ளே!"

மூன்று, ரகசியம். "யார்கிட்டயும் சொல்லாதே. சம்சாரத்துக்கும் தெரியக் கூடாது!"

நாலு, பணம். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான்.

நாலில் இரண்டு தென்பட்டாலே போதும். போனை வையுங்கள். கேஷியர் மல்கோத்ரா பணம் கொடுத்த பிறகு பிரதமர் வீட்டுக்குப் போனார். கொடுப்பதற்கு முன்பே போயிருந்தால் கதையே இல்லை! அதுதான் பாடம். போனில் பேசியவனிடமே "நீ நிஜமா?" என்று கேட்டுப் பயனில்லை. வேறு வழியில், நீங்களே நம்பர் தேடி, நேரில் போய்க் கேட்க வேண்டும்.

"உங்க பேர்ல ஒரு பார்சல்..."

இப்போது கொடி கட்டிப் பறப்பது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்ற மோசடி. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"சார், கூரியர் ஆபீஸ்லேருந்து பேசுறோம். உங்க பேர்ல வெளிநாட்டுக்கு ஒரு பார்சல். உள்ளே போதை மருந்து இருக்கு."

"ஐயோ! நான் எதுவும் அனுப்பலையே சார்!"

"உங்க ஆதார் நம்பர்தானே இது? அப்போ யாரோ உங்க பேரை யூஸ் பண்ணியிருக்காங்க. லைன்லயே இருங்க, மும்பை போலீசுக்குப் போடுறேன்."

அடுத்து வாட்ஸ்அப் வீடியோ. எதிரே காக்கிச் சட்டை. பின்னால் போலீஸ் சின்னம். "நீ அரெஸ்ட்! கேமராவை ஆப் பண்ணக் கூடாது. ரூமை விட்டு வெளியே போகக் கூடாது. உன் கணக்கில் இருக்கிற பணம் சுத்தமான பணமான்னு பார்க்கணும். இந்தக் கணக்குக்கு மாத்து. சரிபார்த்துட்டு ரெண்டு நாள்ல திருப்பித் தந்துடுவோம்!"

மாற்றியதும் காக்கிச் சட்டை மாயம்!

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் லூதியானாவின் பெரிய ஜவுளி ஆலை அதிபர் எஸ்.பி. ஓஸ்வால் மாட்டிக்கொண்டார். வீடியோவில் போலி சுப்ரீம் கோர்ட்டையே நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி போல ஒருவன் பேசினான். பறிபோனது ரூ.7 கோடி! புகார் கொடுத்ததால் ரூ.5 கோடியே 25 லட்சம் மீட்கப்பட்டது.

வீடியோவில் அரெஸ்ட் உண்டா?

கிடையாது! கிடையவே கிடையாது!

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 43-வது பிரிவு, கைது எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஆள் நேரில் வர வேண்டும். போனிலோ வீடியோவிலோ கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீசைக் கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

2024 அக்டோபர் 27-ந் தேதி ரேடியோ பேச்சில் பிரதமர் மோடியும் இதைப் பற்றிச் சொல்லி எச்சரித்தார். "நில், யோசி, நடவடிக்கை எடு" என்பது அவர் சொன்ன வழி. 2025 டிசம்பர் 1-ந் தேதி, டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஆகவே "போலீஸ் பேசுறேன்" என்று மிரட்டினால், "சரி சார், நான் சோழவரம் ஸ்டேஷனுக்கே நேரா வந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதிர் முனை பதறும்!

கரண்டு கட்! கல்யாணப் பத்திரிகை!

ஆளுக்குத் தகுந்த மாதிரி வலை விரிக்கிறார்கள்.

கரண்டு பில்: "போன மாசம் பணம் கட்டலை. இன்னிக்கு ராத்திரி கரண்டு கட்" என்று மெசேஜ் வரும். கூடவே ஒரு நம்பர். 2022-ல் தமிழ்நாடு பூராவும் இந்த மோசடி ஓடியது. அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோ போட்டு எச்சரித்தார். அதே வருஷம் அவருடைய போட்டோவையே வாட்ஸ்அப்பில் ஒட்டிக்கொண்டு, பரிசுக் கூப்பன் வாங்கி அனுப்பச் சொன்ன பலே கில்லாடிகளும் உண்டு!

கல்யாணப் பத்திரிகை: வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வரும். டிராபிக் அபராதச் சீட்டும் வரும். திறந்தால் "ஏ.பி.கே." என்று முடியும் பைல். அது பத்திரிகை இல்லை, திருட்டு ஆப். இறக்கினால் உங்கள் ஓ.டி.பி. மெசேஜ்களை எவனோ படிப்பான்.

தவறுதலாக வந்த பணம்: "அண்ணே, உங்க நம்பருக்குத் தப்பா 5 ஆயிரம் போட்டுட்டேன். ஆஸ்பத்திரி செலவுண்ணே. கொஞ்சம் திருப்பி விடுங்கண்ணே" என்று அழுவான். பணம் வந்ததாக ஒரு மெசேஜும் வரும். அந்த மெசேஜை அனுப்பியதே அவன்தான்! பாங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தால் பாங்கிக்குச் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். "மொத்த ஆர்டர் சார், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால், அவன் வாடிக்கையாளன் இல்லை!

கணக்கை வாடகைக்கு விடாதீங்க!

இது சிப்காட் பக்கம் வேலை செய்யும் தம்பிகளுக்கு.

"உன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணையும் குடு. மாசம் கமிஷன் தர்றேன்" என்று டீக்கடையில் ஒருவன் நைசாகக் கேட்பான். கொடுக்காதீர்கள். எங்கோ ஒரு கிழவரிடம் பறித்த பணம் முதலில் வந்து விழுவது இப்படி வாடகைக்கு வாங்கிய கணக்கில்தான். போலீசார் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் விலாசம். கமிஷன் கொடுத்தவன் எப்போதோ கம்பி நீட்டியிருப்பான்.

வெளிநாட்டு வேலை ஆசையும் ஆபத்து. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம்மூர் வாலிபர்களை, மியான்மர் நாட்டின் மியாவாடி பகுதிக்குக் கடத்திப்போய் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். போனில் பேசி ஏமாற்றுபவனே சில சமயம் இன்னொருவனிடம் ஏமாந்த அடிமை!

பணம் போயிடுச்சா? 1930!

ஏமாந்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடுவதுதான். "நாலு பேர் சிரிப்பாங்களே" என்று ராத்திரி முழுவதும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்.

உடனே 1930-க்குப் போன் போடுங்கள். இரவோ, பகலோ, ஞாயிற்றுக்கிழமையோ பார்க்க வேண்டாம். புகார் பதிவானதும் பாங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் தப்பும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் அப்புறம் பிடிப்பது கஷ்டம்.

அடுத்து உங்கள் பாங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். புகார் நம்பரை வாங்கி வையுங்கள். ரிசர்வ் பாங்கியின் 2017 ஜூலை உத்தரவு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தப்பு உங்கள் மீதும் இல்லை, பாங்கி மீதும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது பாங்கியின் நஷ்டம். ஒவ்வொரு நிமிஷமும் காசு!

மெசேஜ், நம்பர், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள். சோழவரம் பகுதி ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லையில் வருகிறது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டப் போலீஸ் எல்லை. இரண்டிலும் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் உண்டு.

தொல்லை போன்களுக்கு என்ன வழி?

"லோன் வேணுமா சார்? பிளாட் வேணுமா சார்?" என்று நாள் பூராவும் நச்சரிப்பவர்களை அடக்க 1909-க்குப் போன் செய்து "தொந்தரவு வேண்டாம்" பட்டியலில் சேருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் 7 நாளுக்குள் அதே நம்பரில் புகார் செய்யலாம். விளம்பரப் போன்களுக்கு 140 என்று ஆரம்பிக்கும் நம்பரும், பாங்கிகளின் சேவைப் போன்களுக்கு 1600 என்று ஆரம்பிக்கும் நம்பரும் ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணச் செல்போன் நம்பரிலிருந்து "பேங்க் மேனேஜர்" பேசினால் சந்தேகப்படுங்கள்.

பெண்களுக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசும் அயோக்கியர்களும் இருக்கிறார்கள். அம்மா, தங்கச்சிகளே! பயந்து நம்பரை மாற்றிக்கொண்டு போக வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவில் இதற்கு 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. எந்த நம்பரிலிருந்து எப்போது பேசினான் என்ற கணக்கு கம்பெனியில் இருக்கிறது. திட்டிப் பதில் பேச வேண்டாம், அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான். தேதி, நேரம் குறித்துக்கொண்டு போலீசில் கொடுங்கள்.

கத்தரித்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்க!

பணம் பறிபோனால்: 1930

விளம்பரத் தொல்லைக்கு: 1909

பெண்கள் உதவிக்கு: 181

அவசரப் போலீஸ்: 112

ஓ.டி.பி., பின் நம்பர்: கட்டின சம்சாரம் கேட்டால் கூட யோசித்துச் சொல்லுங்கள். போனில் கேட்கிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்!