உதைக்கக் கற்பதற்கு முன்னால்

மாலை ஆறு மணிக்குத் தில்லியின் எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும், பூங்காவின் ஒரு மூலையிலோ சமுதாயக் கூடத்திலோ வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று காலைத் தூக்கி உதைத்துக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் 'கராத்தே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவற்றில் பல, கொரிய நாட்டு டேக்வாண்டோ வகுப்புகள்.

என் மகளை எட்டு வயதில் அப்படியொரு வகுப்பில் சேர்த்தேன். பெரிய நோக்கம் எதுவும் இல்லை. பள்ளிப் பேருந்தில் ஒரு பையன் ஜடையைப் பிடித்து இழுக்கிறான், 'மதராஸி' என்று கேலி செய்கிறான் என்று தினமும் புகார். நாலு உதை கொடுக்கக் கற்றுக் கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஆனால் முதல் இரண்டு மாதத்தில் அவள் கற்றது, உள்ளே நுழையும்போது தலை குனிந்து வணங்குவது, கண்ணை மூடிச் சற்று நேரம் அசையாமல் உட்காருவது, சீருடையை ஒழுங்காக மடித்து பெல்ட்டால் கட்டி வைப்பது, பத்து வரை கொரிய மொழியில் எண்ணுவது, இவ்வளவுதான். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவனுக்கு எரிச்சல் வராதா? பக்கத்துக் குடியிருப்பில் சேர்ந்த வாரமே பிள்ளைகளைச் சண்டைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாற்றாமல் விட்டதற்குக் காரணம் ஓர் ஆராய்ச்சி. மைக்கேல் டிரல்சன் என்பவர் அமெரிக்காவில் நடத்தி 1986இல் வெளியிட்டது. குற்றச் செயல்களில் ஈடுபடும் போக்குள்ள 13 முதல் 17 வயது வரையிலான 34 பையன்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு டேக்வாண்டோ பாரம்பரிய முறையில், அதாவது தியானம், ஒழுக்கம் பற்றிய சிறு உரை, வரிசைப் பயிற்சி எல்லாம் சேர்த்துக் கற்பிக்கப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு இவை எதுவும் இல்லாமல் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாம் குழு ஓட்டம், கூடைப்பந்து என்று விளையாடியது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது முதல் குழுவினரின் முரட்டுத்தனமும் பதற்றமும் குறைந்திருந்தன. இரண்டாம் குழுவினரின் முரட்டுத்தனமோ முன்பைவிடக் கூடியிருந்தது! விளையாடிய பையன்களின் குணத்தில் பெரிய மாறுதல் இல்லை.

34 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் 2004இல் லேக்ஸ், ஹோய்ட் என்ற இருவர் சாதாரணப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வும் அதே திசையில்தான் போகிறது. மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, மூன்று மாதம், ஒரு பாதிக்கு வழக்கமான உடற்பயிற்சி, மறு பாதிக்கு டேக்வாண்டோ. டேக்வாண்டோ கற்ற பிள்ளைகள் தன்னைத் தானே கட்டுப்படுத்திக் கொள்வதிலும், வகுப்பில் நடந்து கொள்வதிலும், மனக்கணக்கிலும்கூட முன்னேறியிருந்தார்கள். எதை வீண் பொழுது என்று நினைத்தேனோ, பயன் அதில்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

'பாரம்பரியம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்புகளின் துண்டுப் பிரசுரங்களில் 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கலை' என்று போடுகிறார்கள். அது அப்படியே சரியல்ல. இன்றைய டேக்வாண்டோவின் அடித்தளம் 1940களில் சியோலில் தொடங்கப்பட்ட பயிற்சிக் கூடங்கள். அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் ஜப்பானில் கராத்தே பயின்றவர்கள். 'டேக்வாண்டோ' என்ற பெயரே 1955இல் வந்தது. என் தந்தையைவிட இளையது! தலைமையகமான குக்கிவோன் 1972இல் திறக்கப்பட்டது; ஒலிம்பிக்கில் முழுமையான பதக்கப் போட்டியாக அது சேர்ந்தது 2000இல், சிட்னியில். நம்மவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், காஞ்சிபுரத்துப் போதிதர்மரே இவற்றுக்கெல்லாம் மூலகுரு என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரையும் உடற்பயிற்சியையும் இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது என்பதே வரலாற்று அறிஞர்கள் கருத்து. அவரை விட்டுவிடுவோம்.

கொரியாவில் உண்மையிலேயே பழமையான கலைகள் வேறு உண்டு. 1790இல் ஜியோங்ஜோ மன்னர் ஆணைப்படி 24 போர்ப் பயிற்சிகளைப் படங்களுடன் விளக்கி ஒரு நூலே தொகுத்தார்கள். காலால் ஆடும் டேக்கியோன் என்ற கலை இன்னும் சுவையானது. வெள்ளை ஆடையில், முழங்காலைச் சற்றே மடக்கி, முக்கோணமாக அடி வைத்து, தாளத்துக்கு ஆடுவது போல் அசைவார்கள். அறியாதவர் நடனம் என்றே நினைப்பார். எதிரியைக் கீழே விழச் செய்தாலோ, முகத்தைக் காலால் தொட்டுவிட்டாலோ வெற்றி. காயப்படுத்தக் கூடாது என்பதால் உதையே ஒரு தள்ளு போலத்தான் இருக்கும். பலம் இருந்தும் அடிபடாமல் எதிரியை விலக வைப்பவனே தேர்ந்தவன் என்பது அதன் கொள்கை.

ஜப்பானியர் ஆண்ட 1910 முதல் 1945 வரையிலான காலத்தில் இந்தக் கலை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1893இல் பிறந்த சோங் டியோக் கி என்பவர் இளம் வயதில் கற்றதை மறக்காமல் வைத்திருந்தார். அவரிடமிருந்து கற்று முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஷின் ஹான் சுங். 1983இல் தென்கொரிய அரசு டேக்கியோனைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இருவருமே 1987இல் காலமானார்கள். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது இடம் பெற்றது.

நம் ஊர்ப் பூங்காவில் டேக்கியோன் கிடைக்காது; டேக்வாண்டோதான் கிடைக்கும். அதிலும் நல்ல ஆசிரியர் அமைந்தால், அடக்கம் கற்பிக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. முன்னால் உதைக்கும் உதையை எடுத்துக் கொள்ளுங்கள். முதலில் முழங்கால் மார்பு வரை உயர வேண்டும், பிறகு கால் நீள வேண்டும், கால்விரல்கள் பின்னால் மடங்கியிருக்க வேண்டும், உதைத்த காலை வந்த வழியே மடக்கி இழுத்த பிறகுதான் தரையில் வைக்கலாம். இவ்வளவும் மற்றொரு காலில் நின்றபடி. வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்கிற பிள்ளைக்கு இடுப்பும் தொடையும் உறுதிப்படுவதும், தடுமாறாமல் நிற்கப் பழகுவதும் இயல்பாகவே நடக்கிறது. 'பூம்சே' எனப்படும் வரிசைப் பயிற்சியில் முதலாவதற்கு 18 அசைவுகள். எதிரில் யாரும் இல்லாமல், தடுப்பதும் குத்துவதும் திரும்புவதுமாகச் சென்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். வகுப்பில் பஞ்சாபிப் பிள்ளை, வங்காளிப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாரும் 'ஹானா, துல், செட், நெட்' என்று எண்ணுகிறார்கள். யாருக்குமே சொந்தமில்லாத மொழி. உச்சரிப்பைக் கேலி செய்ய அங்கே ஆளில்லை. கொரிய மொழியிலும் தந்தைக்கு 'அப்பா'தான் என்று தெரிந்த அன்று என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

சேர்க்க நினைக்கும் பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உடலைத் தளர்த்தும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குகிறாரா, சிறு பிள்ளைகளைத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் மோத விடுகிறாரா, தோற்றவனை எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தலையில் விழும் உதைக்குப் போட்டியில் புள்ளி அதிகம் என்பதால், பதக்க ஆசையில் பிள்ளைகளை அவசரப்படுத்தும் இடங்கள் உண்டு. தலையில் படும் அடியை விளையாட்டாக எண்ண வேண்டாம். ஒன்றரை ஆண்டில் கறுப்பு பெல்ட் உறுதி என்று முன்பணம் கேட்கும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது. குக்கிவோன் முறைப்படி 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பது 'பூம்' என்ற தகுதிதான். பெரியவர்களின் 'டான்' அதற்குப் பிறகு.

பேருந்துப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒரு நாள் அவன் ஜடையைத் தொட்டபோது இவள் எழுந்து, காலை அகட்டி நின்று, வகுப்பில் போடுகிற அதே சத்தத்தைப் போட்டிருக்கிறாள். ஓட்டுநர் வண்டியையே நிறுத்திவிட்டாராம். உதை எதுவும் விழவில்லை.

மஞ்சள் பெல்ட் தேர்வில் அவள் தேறவில்லை. பூம்சேயில் ஒரு திருப்பத்தை மறந்துவிட்டாள். ஆசிரியர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். நான்தான் அவரிடம் பேசிப் பார்க்கலாமா என்றேன். அவள் வேண்டாம் என்றாள். இப்போது தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன், தில்லிக் குளிரில் வெறுங்காலோடு, எங்கள் கூடத்தில் பதினெட்டு அசைவும் நடக்கிறது. மேசையைச் சுவரோரம் தள்ளி வைப்பது என் வேலை.