ஓடைக் கல்லுக்கு அடியில் ஒரு பூச்சி

கொல்லிமலையில் ஐயாறு ஓடிவரும் பாதை முழுக்கப் பாறையும் உருண்டைக் கல்லும்தான். இப்படி வேகமாக நீர் பாயும் மலையோடைகளே கல்லீ (ஸ்டோன்ஃபிளை) எனப்படும் நீர்ப்பூச்சிகளைத் தேட வேண்டிய இடம். கல்லைப் புரட்டினால், வெளிச்சம் பட்டதும் தட்டையான உடம்போடு மறுபக்கம் ஓடும் இளம்பூச்சியைப் பாருங்கள். வாலில் இரண்டு இழைகள் இருக்கும்.

வாலை மட்டும் நம்பக் கூடாது. மேஃபிளை எனப்படும் இன்னொரு நீர்ப்பூச்சியிலும் சில வகைகளுக்கு இரண்டு வால்தான். லென்ஸ் வைத்துக் காலின் நுனியைப் பாருங்கள். கல்லீக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், மேஃபிளை குஞ்சுக்கு ஒன்றே. அடுத்து, கால்கள் முளைக்கும் இடத்தில் வெள்ளைக் குஞ்சம்போலச் செவுள்கள் தெரிந்தால் அது பெர்லிடே குடும்பம். தலையில் கூட்டுக்கண்களுக்கு நடுவே பெரும்பாலான கல்லீக்களுக்கு மூன்று சிறுகண்கள் உண்டு. இரண்டே இருந்தால் அது நியோபெர்லா என்ற பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீதம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1905இல் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

எந்த இனம் என்பதை இளம்பூச்சி பெரும்பாலும் சொல்லாது. வளர்ந்த ஆண் வேண்டும். இரவில் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றினால் வரும். அதன் வயிற்றின் கடைசிக் கண்டங்களில் உள்ள கொக்கிகளையும் மேடுகளையும் முதலில் வரைந்துகொள்வார்கள். பிறகு வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, இனப்பெருக்க உறுப்பின் பையைச் சட்டைக் கையைப் புரட்டுவதுபோல வெளியே திருப்புவார்கள். அந்தப் பையின் வடிவமும், அதன்மேல் முட்கள் அமைந்த விதமும்தான் இனத்தைத் தீர்மானிக்கின்றன. நுண்ணோக்கிக்குக் கீழே, ஊசி முனையில் நடக்கும் வேலை. ஒரு முள் ஒடிந்தாலும் சான்று போச்சு.

இவ்வளவு பாடும் வீண் இல்லை. தமிழ்நாட்டில் பிடித்த கல்லீயைப் பீட்டர் ஸ்விக், அன்பழகன், தினகரன் மூவரும் நியோபெர்லா பைசெரியாட்டா என்ற புது இனமாக விவரித்தது 2007இல்தான். கல்லீக்கள் பலமாகப் பறப்பவை அல்ல; ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு எளிதில் பரவ முடியாது. அதனால், வெக்கையான சமவெளி சூழ்ந்து நிற்கிற கொல்லிமலையில் ஒன்று கிடைத்தால், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதுதானே என்று ஒப்புக்குப் பெயர் எழுதிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதிர்ந்த இளம்பூச்சியை உயிரோடு எடுத்து, ஓடைநீரில் காற்றோட்டம் கொடுத்து வளர்ப்பது இன்னொரு வழி. இறக்கை முளைத்ததும் உரித்துப்போட்ட தோலையும் பூச்சியையும் ஒரே ஆல்கஹால் குப்பியில் போடுவார்கள். அப்போதுதான் எந்தக் குஞ்சு எந்த இனம் என்று பொருத்த முடியும். ஓடையின் பெயர், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதிய சீட்டும் அதே குப்பிக்குள் போக வேண்டும்.